பெஞ்சில் எழுபத்தொன்று!

"ஐயோ...!"

செல்போனுக்குள்ளிருந்து வந்த அலறல், இசைவாணியின் காதைக் கிழித்தது.

வியாழக்கிழமை. காலை மணி ஏழு. சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள், துண்டைக் கீழே போட்டாள்.

"யாரு... அம்சா அண்ணியா? இன்னா ஆச்சு?"

"உங்க அண்ணன் பைக்கு... வல்லம் ஏரிக்குப் பின்னால முள்ளுச் செடிக்குள்ள கெடக்குதாம் இசை! ஆளைக் காணோம்! ஹெல்மெட்ல ரத்தம் கீதாம்!"



'அண்ணன்' என்பது கோபால். ஒரகடத்தில் ஒரு பிரேக் உதிரிபாகத் தொழிற்சாலையில் இருவரும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர்கள். கூடப் பிறந்தவன் இல்லை. ஆனால் போன வருடம் அவள் கை பிரஸ் மெஷினில் சிக்கியபோது, பாய்ந்து வந்து ஸ்விட்சை அணைத்தவன் அவன்தான். அன்றிலிருந்து அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"அண்ணன் பூனா போயிருக்காருன்னு மெசேஜ் வந்துதுன்னு சொன்னீங்களே அண்ணி?"

"வந்துது. செவ்வாக்கெழமை சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சு வரல. நேத்து மூணே முக்காலுக்குத்தான் மெசேஜு. 'அம்சவல்லி, பூனா பிளான்ட்டுக்குப் போறேன், ஞாயிறு வருவேன்'னு."

"அம்சவல்லியா...?"

"அதான் இசை! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரு என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்ல. அம்சுதான்!"

* * *

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் செங்கமலம் கொய்யாப்பழத்தில் மிளகாய்ப் பொடியைத் தொட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது. குண்டு முகம். தூங்குவது போன்ற கண்கள்... ஆனால் தூங்காத கண்கள்!

எதிரே, இசைவாணியின் பக்கத்தில் அம்சவல்லி அழுது வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தன் காரிலேயே அழைத்து வந்திருந்தார் சிவசங்கர். தொழிற்சாலையின் டெபுட்டி மேனேஜர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு.

"கோபால் எங்க பிளான்ட்டோட சொத்து மேடம். எப்படியாவது கண்டுபிடிங்க."

"நீங்க அவரை பூனாவுக்கு அனுப்பினீங்களா சார்?"

"இல்லவே இல்லை. பூனா பிளான்ட்டுக்கு இந்த மாசம் யாரையுமே அனுப்பலையே!"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான் பலராமன். டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். வாயில் லவுட்ஸ்பீக்கரை வைத்துப் பிறந்தவன்.

"இன்னாத்துக்கு மேடம் தேடறீங்க? ஓடிப்போனவனைத் தேடி இன்னா ஆகப்போவுது? குவாலிட்டி ரிப்போர்ட்டைத் தூக்கினு போயிட்டான்னு பிளான்ட்டே பேசுது!"

"யாருய்யா பேசறது?"

"எல்லாரும்!"

"அந்த எல்லாருல ஒருத்தர் பேரு சொல்லு."

பலராமன் திரும்பி நடந்தான். போகும்போது சிவசங்கரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். சிவசங்கரும், "மீட்டிங் இருக்கு. எந்த உதவின்னாலும் கூப்பிடுங்க," என்று கிளம்பினார்.

இசைவாணி குரலைத் தாழ்த்தினாள்.

"மேடம்... திங்கக்கெழமை அண்ணன் ஒரு லாட்டுக்கு, அதான் ஒரு தொகுதி சரக்குக்கு, தேறாதுன்னு சிவப்பு டேக் போட்டாரு. பிரேக் பார்ட்டு. முடி மாதிரி கிராக் கீது. செவ்வாய் காலையில பார்த்தா டேக்கைக் காணோம். லாட்டும் லாரி ஏறிடுச்சு. அண்ணன் போட்டோ எடுத்து வெச்சிருந்தாரு. சனிக்கெழமை கஸ்டமர் ஆடிட்டர் வரும்போது காட்டறேன்னாரு."

"கிராக் விட்ட பிரேக்கு... காருக்குள்ள போச்சுன்னா?"

"மிதிப்பாங்க மேடம். நிக்காது."

செங்கமலம் கொய்யாப்பழத்தைக் கீழே வைத்தாள்.

"லாரி ஏத்தறது யாரு வேலை?"

"பலராமன் வேலை."

* * *

மணி பதினொன்று.

ஸ்டேஷன் வராந்தாவில் இசைவாணியின் போன் 'டிங்' என்றது. வாட்ஸ்அப் குழு. யாரோ கேட்டிருந்தார்கள்: "வியாழன் ஆச்சே, பெஞ்ச் லிஸ்ட் எங்க?"

பிளான்ட்டில் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பாஸ்கெட்பால் லீக் நடத்தினார்கள். ஓடி ஆடுகிற ஆட்டம் இல்லை. கம்ப்யூட்டர் ஆட்டம்! ஆளுக்கு ஒரு டீம். யார் முதல் ஐந்து பேர், யார் பெஞ்சில் என்று போனில் குறித்துவிட்டால் போதும். புதன்தோறும் நாலு மணிக்கு கம்ப்யூட்டரே ஆடி முடித்து, ஸ்கோரைத் துப்பும்.

வாராவாரம் எந்த டீமின் மாற்று ஆட்டக்காரர்கள் எத்தனை பாயின்ட் எடுத்தார்கள் என்று ஒப்பிட்டுப் பட்டியல் போடுவது இசைவாணியின் வேலை. இன்று அதற்கு மனசு இல்லை. 'இந்த வாரம் கிடையாது' என்று எழுதத்தான் லீக் பக்கத்தைத் திறந்தாள்.

கண்கள் நிலைகுத்தின.

வல்லம் வேங்கை, பெஞ்ச் இருபத்தாறு. செம்பரம்பாக்கம் சுறா, இருபத்திரண்டு. ஒரகடம் ஓநாய்கள், முப்பத்தொன்று...

கோபாலின் மாம்பாக்கம் மின்னல்... எழுபத்தொன்று!

"மேடம்...!"

அவள் போட்ட சத்தத்தில் ஒரு கான்ஸ்டபிள் டீயைக் கொட்டிக்கொண்டான்.

"இன்னாம்மா?"

"அண்ணன் டீமோட பெஞ்சு எழுபத்தொண்ணு எடுத்திருக்கு!"

"சந்தோஷம். உங்க அண்ணன் காணாமப் போன கேஸைப் பார்க்கலாமா?"

"இதான் மேடம் கேஸு! எட்டு டீம்ல பெஞ்சு ஸ்கோர் எப்பவுமே கம்மியா கீறது அண்ணன் டீமுதான். சராசரி ஒம்பது! ஏன்னா அஞ்சு ஸ்டார் ஆளுங்களை வெச்சுனு இருக்காரு. அவங்களை மாத்தவே மாட்டாரு. மூணு சீசனா நாங்க கிண்டல் பண்றோம். நேத்து அந்த அஞ்சு பேரையும் பெஞ்சுல உட்கார வெச்சு, சொத்தைங்க அஞ்சு பேரை முதல்ல இறக்கி விட்டிருக்காங்க."

"அவரே மாத்தியிருக்கலாம்ல?"

"அண்ணன் அண்ணியைக்கூட பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாரு... அந்த அஞ்சு பேரைத் தூக்க மாட்டாரு!"

செங்கமலத்தின் தூங்கும் கண்கள் முழுதாக விழித்தன.

"எப்ப மாத்தியிருக்காங்க?"

"நேத்து மூணு நாப்பதுக்கு."

"அந்த மெசேஜ் வந்ததும் மூணே முக்கால்! டவர் ரிப்போர்ட்டும் அதான் சொல்லுது. செவ்வாய் சாயங்காலத்துலேர்ந்து போன் ஆஃப். நேத்து மூணரைக்கு ஆன் ஆகி, நாலுக்குள்ள ஆஃப். ஒரகடம் பக்கம். ஆனா அந்த ஏரியாவுல நூறு கம்பெனி இருக்கு. எங்கன்னு தேட?"

அதுவரை அழுதுகொண்டிருந்த அம்சவல்லி, சட்டென்று நிமிர்ந்தாள்.

"மேடம்... அவரு போனு கட்டை விரல் வெச்சாத்தான் தொறக்கும். நம்பரு கிம்பரு எனக்கே தெரியாது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நேத்து மூணரைக்கு அந்தக் கட்டை விரலு அங்க இருந்திருக்கு..." என்றாள் செங்கமலம்.

"அண்ணன் உயிரோட கீறாரு!" இசைவாணிக்குக் கண்ணில் நீர் தளும்பியது. அம்சவல்லி அவள் கையைப் பிடித்து நெரித்தாள். வலித்தது. விடச் சொல்லத் தோன்றவில்லை.

"சரி. போனைத் தூக்கினவன் விளையாட்டை ஏன் தொடணும்?"

"அவனும் விளையாடறவன் மேடம்! கை அரிப்பு அடங்கல. மின்னல் தோத்தா நேத்து யாருக்கு லாபம்?"

இசைவாணி புதன்கிழமை ஆட்டத்தின் எதிரணியைத் தட்டினாள். அந்த டீம் மானேஜரின் பெயர் வந்தது.

போனை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

செங்கமலம் ஒரு விசில் அடித்தாள்.

"சும்மா போய்ப் பிடிச்சா, 'நான் இல்ல'ம்பான். சனிக்கெழமைக்கு அப்புறம் உங்க அண்ணனை ஏரியில தேட வேண்டியதுதான். அவனே நம்மளைக் கூட்டினு போகணும். எப்படி?"

இசைவாணி இரண்டு நிமிடம் யோசித்தாள். பிறகு பிளான்ட்டின் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் மெர்சிக்கு போன் போட்டாள். லீக்கை நடத்துபவள் மெர்சி.

"மெர்சி, ஒரு பொய் சொல்லணும்டி..."

* * *

மதியம் மணி இரண்டரை. குழுவில் மெர்சியின் அறிவிப்பு வந்தது:

'சர்வர் கோளாறு. புதன்கிழமை மாம்பாக்கம் மின்னல் ஆடிய மேட்ச் ரத்து. இன்று நாலு மணிக்கு மறு ஆட்டம். ஆட்டக்காரர் பட்டியல்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. மாற்ற வேண்டியவர்கள் அதற்குள் மாற்றிக்கொள்ளவும்.'

எட்டுப் போன்களிலும் ஒரே நேரத்தில் 'டிங்'!

தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே, இளநீர் வண்டிக்குப் பின்னால் நம்பர் பிளேட்டில் வேண்டுமென்றே சேறு பூசப்பட்ட ஜீப். உள்ளே செங்கமலம், இசைவாணி, இரண்டு கான்ஸ்டபிள்கள்.

மூன்று மணி.

மூன்று பத்து.

"வருவானா மேடம்?"

"தோக்கறதுக்குப் பயப்படறவன் கண்டிப்பா வருவான்."

மூன்று பதினைந்து.

கேட் திறந்தது. முதலில் ஒரு கண்டெய்னர் லாரி. அதன் மறைவில் ஒரு வெள்ளைக் கார். அரை நிமிடம் கழித்து... ஹெல்மெட்கூட போடாமல், பைக்கில் பறந்தான் பலராமன்!

"எடு வண்டியை!"

ஜீப் உறுமியது. வாலாஜாபாத் ரோட்டில் லாரிகளுக்கு இடையே புகுந்து புறப்பட்டது. இடது பக்கம் ஒரு மண் பாதை. புழுதிக்குள் பைக் மறைந்தது. ஜீப்பும் திரும்பியது.

ஒரு கிலோமீட்டர். பாதை முடிந்த இடத்தில், கூரைத் தகடு துருப்பிடித்த பழைய ஷெட். கைவிட்டுப் பத்து வருடமாவது ஆகியிருக்கும். சுவரோரம் பதுங்கிப் பதுங்கிப் போய்க்கொண்டிருந்தான் பலராமன்.

செங்கமலம் அந்த உடம்போடு எப்படி ஓடினாள் என்பது ஆச்சரியம்! ஒரே பாய்ச்சலில் அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரில் சாய்த்தாள்.

"சத்தம் போட்டே... பல்லு பேந்துடும்!"

பலராமன் வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினான்.

"மேடம்... நான் இல்ல மேடம்... நானும் அவனைத்தான் ஃபாலோ பண்றேன்! டேக் இல்லாத லாட்டை ஏத்தச் சொல்லி எனக்கு ஆர்டர் போட்டதே அவன்தான். வூட்லேர்ந்து கேரியர் வர்ற ஆளு, ரெண்டு நாளா சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கினு எங்கியோ போறான். எனக்கு டவுட்டு..."

"ஸ்டேஷன்ல ஏன்யா கோபால் ஓடிட்டான்னு கத்தினே?"

"அவன் பக்கத்துலயே நின்னுனு இருந்தான் மேடம்! எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அடுத்தது நான்தானே?"

உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. மடிப்புக் கலையாத குரல்!

"விரலை வை கோபால். அடம் பிடிக்காதே. மணி ஆகுது."

இசைவாணியின் பற்கள் நறநறத்தன. பதினொரு மணிக்குப் போன் திரையில் அவள் பார்த்த பெயர் அதுதான்.

ஒரகடம் ஓநாய்கள். மானேஜர்... சிவசங்கர்!

தடால்!

கான்ஸ்டபிள் உதைத்த உதையில் கதவு உள்ளே விழுந்தது. சிவசங்கர் துள்ளித் திரும்பினார். ஒரு கையில் கோபாலின் போன். மறு கையில் கோபாலின் கட்டை விரல். அந்தக் கட்டை விரலோடு சேர்ந்து, இரும்பு நாற்காலியில் கட்டப்பட்டு, உதடு வீங்கி, இரண்டு நாள் தாடியோடு... கோபால்!

"அண்ணா!"

இசைவாணி ஓடிப்போய்க் கயிற்றைப் பல்லால் கடித்தாள். கான்ஸ்டபிள் கத்தியோடு வந்து, "நகரும்மா, பல்லு போயிடும்," என்றான்.

"அம்சு...?" என்றான் கோபால் முதலில்.

"ஸ்டேஷன்ல கீறாங்க. நல்லா கீறாங்க. நீங்க எப்படி கீறீங்க?"

"தண்ணி குடு. செவ்வாக்கெழமை, 'வண்டியை நிறுத்து, டேக் விஷயம் பேசணும்'னாரு. நம்பி நின்னேன். பின்னாலேர்ந்து ஒரே அடி... போட்டோ எங்க, இன்னும் யார்கிட்ட சொன்னேன்னு ரெண்டு நாளா இதே கேள்வி. உன் பேரு வரக்கூடாதுன்னு வாயே தொறக்கல..."

இசைவாணி தண்ணீர் பாட்டிலைத் திறக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செங்கமலம் சிவசங்கரின் கையில் விலங்கை மாட்டினாள்.

"ஒண்ணு மட்டும் புரியல சார். கடத்தினீங்க, சரி. பைக்கை மறைச்சீங்க, சரி. அந்த விளையாட்டை எதுக்குத் தொட்டீங்க?"

சிவசங்கர் தலையைக் குனிந்தார். முணுமுணுத்தார்.

"மூணு சீசனா... இவன்கிட்ட ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லை மேடம். மெசேஜ் அனுப்பத்தான் போனைத் திறந்தேன். பக்கத்திலேயே அந்த ஆப்பு இருந்தது. ஸ்டாரை எல்லாம் பெஞ்சில் போட்டுட்டா ஜெயிச்சுடலாம்னு... ஆனா கம்ப்யூட்டர் மூணாவது நிமிஷமே எல்லாரையும் உள்ளே இறக்கிடுச்சு."

"முடிவு?"

"நூத்திப் பன்னெண்டு, நூத்திப் பத்து."

"யாருக்கு?"

இசைவாணி சொன்னாள்.

"மின்னலுக்கு மேடம்."

செங்கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆளையே கட்டிப் போட்டும் ரெண்டு பாயின்ட்ல தோத்திருக்கீங்க!"

வீங்கிய உதட்டோடு கோபால் சிரித்தான். சிரித்ததும் வலித்தது. வலித்தும் சிரித்தான்.

வெளியே ஜீப்பின் பின் கதவைக் கான்ஸ்டபிள் திறந்து பிடித்தான். சிவசங்கர் உள்ளே எட்டிப் பார்த்து, முகம் சுளித்தார்.

"மேடம்... ஒரு கௌரவத்துக்காகவாவது... என் கார்லயே வர்றேனே?"

"எதுக்கு சார் பெட்ரோல் செலவு? கம்பெனி பஸ் மாதிரி நெனச்சுக்கினு ஏறுங்க. இருக்கற எடத்துக்கே வந்து ஏத்திக்குவோம்..." கதவை அறைந்து சாத்தினாள் செங்கமலம். "திரும்பக் கொண்டாந்து விடற சர்வீஸ்தான் நம்மகிட்ட கிடையாது!"