ஒலியரின் ஈடுபாடு

வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்களின் வரிசையில் கடைசி ஒலியரைத் தெய்வானை கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினாள். திரையில் ஒரு பச்சைப் புள்ளி நகர்ந்தது. ஒலிபெருக்கியில் நாற்காலிக் கால் மரத்தரையில் உரசும் சத்தம் கேட்டது. அங்கே நாற்காலியும் கிடையாது, தரையும் கிடையாது. ஆனால் இப்படிப்பட்ட சின்னச் சத்தங்கள் இருந்தால்தான் கேட்பவரின் காது நம்புகிறது என்று இதை உருவாக்கியவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள்.

சாலிகிராமத்தில் இசையமைப்பாளர் சித்தரஞ்சனின் பதிவுக்கூடத்தில் அவள் வார்ப்பரங்கு என்னும் கணினி வாத்திய அரங்கை அமைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படத்துக்கும் வாத்தியங்களைப் புதிதாகத் தேடிப் பொருத்துவது பெரிய தொல்லை. ஒருமுறை எல்லாரையும் இடம்பார்த்து உட்காரவைத்து, குழல்களுக்கு ஒரு நிறம், நரம்புக் கருவிகளுக்கு ஒரு நிறம் என்று தடங்களைப் பிரித்து, எங்கே நீளமாக வில் இழுப்பது, எங்கே விரலால் மீட்டுவது என்று சொல்லிக்கொடுத்து, அரங்கின் எதிரொலியையும் சேர்த்துச் சேமித்துவிட்டால் போதும். மறுநாள் காலையில் கணினியைத் திறந்ததும் முழு வாத்தியக்குழுவும் சுருதி சேர்த்துக் காத்திருக்கும்.

பழைய வார்ப்பரங்குகளில் இருந்தவை பதிவுசெய்த சுரங்கள் மட்டுமே. இதில் இருந்தவர்கள் ஒலியர், எழுபத்திரண்டு பேர். உடலில்லாத இந்தக் கலைஞர்கள் மூச்சு வாங்குவார்கள். பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். உலகத்தில் இதுவரை வாசிக்கப்பட்ட இசையில் பாதியாவது அவர்களுக்கு நினைவிருந்தது.

சித்தரஞ்சன் காபியோடு வந்து அவள் பின்னால் நின்றார்.

"இது என்னம்மா, ஓரத்துல தனியா ஒரு திருகு?"

"ஈடுபாடு சார். வாசிக்கிற மெட்டை அவங்க எவ்வளவு மனசுல வாங்கணும்னு நாம வைக்கிறது. கீழ இறக்கிட்டா எது குடுத்தாலும் சுத்தமா வாசிப்பாங்க, அவ்வளவுதான். ஏத்தினா, பிடிச்ச மெட்டுக்கு உயிரையே குடுப்பாங்க."

"பிடிக்கலைன்னா?"

"அதைப் பத்திக் கையேட்டுல ஒண்ணும் காணோம் சார்."

"முழுசா ஏத்தி வை" என்று சிரித்தார். "முப்பது வருஷமா நம்ம மெட்டு யாருக்குப் பிடிக்காம போச்சு?"

முதல் படத்தில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. அதற்கு அவர் நாள்கணக்கில் உட்கார்ந்து ஒரு மெட்டுக் கட்டினார். ஒலியர் அதை வாசித்தபோது இயக்குநர் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது படம் அவசரம். சித்தரஞ்சன் தன்னுடைய பழைய மெட்டு ஒன்றின் நடையை மாற்றி, தாளத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டார். ஒலியர் ஒரு சுரம் பிசகாமல் வாசித்தார்கள். கேட்க, ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது.

தெய்வானை எதிரொலியைக் கூட்டிப் பார்த்தாள். வயலின்களை முன்னால் கொண்டுவந்தாள். எங்கும் பழுதில்லை. திருகை இறக்கினாள். சத்தம் இன்னும் சுத்தமாகி, இன்னும் செத்துப்போனது. திருகைப் பழையபடி ஏற்றிவைத்தாள்.

"அவங்களுக்குப் பிடிக்கலை சார்" என்றாள் மெல்ல.

சித்தரஞ்சன் தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினார். "நாளைக்கு இயக்குநர் வர்றார். எஸ்தரைக் கூப்பிடு. அவங்க கூட வாசிச்சவங்க யார் கிடைச்சாலும் வரச்சொல்லு."

எஸ்தர் அவருடைய பழைய வாத்தியக்குழுவில் முதல் வயோலா. இப்போது போரூரில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருந்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு, பழைய ஆட்கள் சிலரோடு வந்தாள். அதே மெட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். கூடமே கரைந்தது. இயக்குநர் சித்தரஞ்சனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எல்லாரும் கிளம்பும்போது சித்தரஞ்சன் எஸ்தரை நிறுத்தினார். "ரொம்ப உருகி வாசிச்சீங்க. மெட்டு அவ்வளவு பிடிச்சிருந்துதா?"

எஸ்தர் வயோலாவைப் பெட்டியில் வைத்து மூடினாள். "கேக்குறீங்க, சொல்றேன் சார். இது உங்க பழைய மெட்டுதானே. பிடிக்கலை."

"அப்புறம் எப்படி அப்படி வாசிச்சீங்க?"

"அது எங்க வேலை சார். வாசிக்கும்போது வேற எதையாவது நினைச்சுக்குவோம். நான் எங்க நாய் செத்துப்போனதை நினைச்சுக்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "'வெண்சங்கு' பாட்டு? என் முதல் படம். அப்பவும் இப்படித்தானா?"

"ஐயோ, அது அருமையான பாட்டு சார்" என்றாள் எஸ்தர் உடனே.

அவள் போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றார். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். அது உண்மையா, மரியாதையா என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பதிவு முடிந்ததும் இசைத்தாள் தாங்கியில் வில்லால் தட்டிப் பாராட்டிய அத்தனை கலைஞர்களின் முகங்களும் இப்போது அதே சந்தேகத்தோடு தோன்றின.

"வெண்சங்கை ஒலியருக்குக் குடு" என்றார் தெய்வானையிடம்.

"வேணாமே சார்."

"குடும்மா."

ஒலியர் வாசித்தார்கள். நான்காவது சுரத்திலேயே செல்லோக்கள் விம்மி எழுந்தன. சித்தரஞ்சன் நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எஸ்தர் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவராக இருந்த அந்த இளைஞனுக்கு மெட்டுக் கட்டத் தெரிந்திருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் அடுத்த படத்தைக் கேட்டார். அதற்கடுத்ததை. வரிசையாக ஆண்டுகள் ஏறிவந்தன. விருது வாங்கிய படத்துக்குக் கொஞ்சம் முன்னால், இன்ன பாட்டு என்று சொல்ல முடியாத ஓர் இடத்தில், ஒலி மங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் ஒலியர் சரியாக வாசித்தார்கள், அவ்வளவுதான்.

"இவ்வளவு வருஷமா ஒருத்தர்கூடச் சொல்லலையே" என்றார்.

அந்தக் கோடை முழுவதும் அவர் படம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மெட்டுக் கட்டுவார், ஒலியருக்குக் கொடுப்பார், கேட்பார், அழித்துவிடுவார். ஒருநாள் ஒரு சின்ன மெட்டின் நடுவில் குழல்கள் மட்டும் லேசாக நிமிர்ந்தன. அன்றைக்கு அவரே தெய்வானைக்குக் காபி போட்டுக் கொடுத்தார். பிறகு இன்னொன்று நிமிர்ந்தது. இரண்டு பாட்டுகள் தேறின.

மற்ற இசையமைப்பாளர்களால் அப்படிக் காத்திருக்க முடியவில்லை. எல்லா ஊர்களிலிருந்தும் ஒலியரை உருவாக்கிய நிறுவனத்துக்குப் புகார்கள் போயின. புதிய பதிப்பு வந்தது.

"இதுல பிடிக்காததையும் பிடிச்ச மாதிரி வாசிப்பாங்களாம் சார்" என்றாள் தெய்வானை. "'நயம்'னு பேர் வெச்சிருக்காங்க. எல்லாரும் இந்தப் பதிப்பை ஏத்திட்டாங்க. ஆனா ஒருதடவை ஏத்திட்டா, பழையபடி திரும்ப முடியாது."

"நமக்கு வேணாம்."

ஆனால் கோடைக்குப் பிறகு ஒப்புக்கொண்ட ஒரு படம் இருந்தது. வெளியீட்டு நாள் நெருங்கியும் உச்சக்காட்சிக்கு மெட்டு வரவில்லை. எழுதியதெல்லாம் ரயில் நிலைய அறிவிப்பாகவே ஒலித்தது. தயாரிப்பாளர் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். சித்தரஞ்சன் கடைசியாக எழுதியதை இன்னொருமுறை பார்த்தார்.

"புதுப் பதிப்பை ஏத்தும்மா" என்றார்.

தெய்வானை ஏற்றினாள். எழுபத்திரண்டு பேரும் மூச்சு வாங்கி வாசித்தார்கள். செல்லோக்கள் விம்மின, வயோலாக்கள் நெஞ்சைப் பிசைந்தன. தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சித்தரஞ்சன் ஆற அமர உட்கார்ந்து, மனதுக்குள் வெகுநாளாகக் கிடந்த ஒன்றை எழுதினார். ஒலியருக்குக் கொடுத்தார். அதையும் அவர்கள் உருகி உருகி வாசித்தார்கள். நேற்றையதற்கும் இன்றையதற்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே உருக்கம்.

"எப்படி இருக்கு?" என்று தெய்வானையைக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்."

சித்தரஞ்சன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.