தண்ணீரில் ஆடிய பெயர்

திண்டிவனத்தில் பேனர் அடிக்கும் கடை ஒன்றில் செந்தாமரைக்கு வேலை. பள்ளி விட்டதும் தங்கை பானுப்ரியா அங்கேதான் வந்து உட்காருவாள். பானுவுக்குப் பத்து வயது. வாய்க்கு மட்டும் இருபது.

அன்று செந்தாமரை ஒரே குஷியில் இருந்தாள். எழுத்தை நீரலை போல மாற்ற அவளே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள். அப்படியென்றால் என்ன என்று பானு கேட்டாள். முதலில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதி வைப்பதுதான் என்றாள் அக்கா. ஒரு தட்டு தட்டினால் போதும். எழுத்து நெளியும், நீலம் ஏறும், மேலே அலை படரும்.

அப்போ என் வீட்டுப்பாடத்துக்கும் ஒன்று எழுதித் தா என்றாள் பானு. அக்கா அதைக் காதில் வாங்கவில்லை.

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பச்சைமுத்து வந்தார். மறுநாள் காலை அவருடைய புதுப் படகு கடலில் இறங்குகிறது. படகுக்கு அவர் அம்மாவின் பெயர்: முனியம்மாள். அந்தப் பெயர் போட்ட பேனரைக் கரையில் கட்ட வேண்டும்.

செந்தாமரை ஸ்கிரிப்டை ஓட்டினாள். முனியம்மாள் நீலமாக நெளிந்தாள். அவள்மேல் அலை படர்ந்தது.

பச்சைமுத்து நெடுநேரம் பார்த்தார். "சரிம்மா, அடிச்சிடு," என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

அச்சுக்கு அனுப்பப் போன அக்காவின் கையைப் பானு பிடித்துக்கொண்டாள்.

"மாமா, உங்களுக்குப் புடிக்கலதானே?"

அவர் தலையைச் சொறிந்தார். "அழகாத்தான் இருக்குது பாப்பா. உங்க அக்கா கஷ்டப்பட்டு செஞ்சிருக்குது, எப்படிச் சொல்றது? எங்க அம்மா பேரு தண்ணிக்குள்ள முழுகிக்கினு இருக்கற மாதிரி தெரியுது. நாளைக்குப் படகு எறக்கணுமே."

செந்தாமரையின் முகம் வாடியது. தீ எரிவதுபோல் மாற்றட்டுமா என்றாள். படகுக்குத் தீயா என்று பானு கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தண்ணீரே வேண்டாம், வெறும் எழுத்தாகவே போடலாம் என்று அழிக்கத் தொடங்கினாள்.

பானு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரு அக்கா. படகு தண்ணிக்கு மேலதானே நிக்கும்? கீழ தெரியற அதோட நெழலுதானே ஆடும்?"

செந்தாமரை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஸ்கிரிப்டில் சில வரிகளைச் சேர்த்தாள். பெயரை இன்னொரு பிரதி எடு. பிரதியைத் தலைகீழாக்கி அடியில் வை. அலையைப் பிரதிக்கு மட்டும் போடு.

முதல் தடவை இரண்டு பெயருமே கவிழ்ந்துவிட்டன. பச்சைமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த தடவை முனியம்மாள் நிமிர்ந்து நின்றாள், ஒரு சொட்டு ஈரமில்லாமல். அவளுக்குக் கீழே நீலத் தண்ணீரில் இன்னொரு முனியம்மாள் தளும்பித் தளும்பி ஆடினாள்.

பச்சைமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப மெதக்குது," என்றார்.

அச்சு இயந்திரத்திலிருந்து பேனர் வெளியே வர வர, அம்மாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அவர் சத்தமாகப் படித்தார். பானுவும் கூடச் சேர்ந்து படித்தாள்.