நானூற்றுப் பதினொன்றுக்குப் பிறகு

பல்கலைக்கழக ஹெர்பேரியத்தில், உலர்ந்த தாவரங்களைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தில், காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டுகிற வேலை அவளுக்கு. வந்து ஏழு வருஷம் ஆகிறது. அண்ணன் செத்ததற்குக் கிடைத்த வேலை. அந்தத் திங்கட்கிழமையும் ஒன்பதரைக்கு வந்தாள், ஜன்னலைத் திறந்தாள். அந்துருண்டை வாசம் கொஞ்சம் வெளியே போனது, மழை வாசம் கொஞ்சம் உள்ளே வந்தது. பசையைக் கலக்கிக்கொண்டே ட்ரேயைப் பார்த்தாள். மடித்த செய்தித்தாளுக்குள் ஒரே ஒரு செடி.

அண்ணனுக்குப் பெயர் பல்லி. பெற்றவர்கள் வைத்தது வேறு. பாறையில் ஏறுகிற அழகைப் பார்த்து ஊர் வைத்தது இது. ஹெர்பேரியத்தில் இவளுக்கு மேலதிகாரியாக இருக்கும் மேடத்துக்குச் செடி பறித்துக் கொடுத்த ஆள். பறித்த ஒவ்வொன்றுக்கும் தன் நோட்டில் வரிசையாக எண் போட்டு, இடம், தேதி, குறிப்பு எல்லாம் எழுதிவைப்பான். கடைசி எண் நானூற்றுப் பதினொன்று. அதுவரை யாரும் கண்டிராத பூ. அதைப் பறித்த அன்றைக்கே பாறை உருண்டு மேலே விழுந்து போய்ச் சேர்ந்தானாம். அந்தப் பூவை வைத்துத்தான் மேடம் பெரிய ஆளானார்.

"ஒரு நொடிதாம்மா. வலியே தெரிஞ்சிருக்காது" என்று மேடம் இவள் தோளைத் தொட்டுச் சொன்னதைத் துக்கத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் கேட்டது. ஏழு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தின் மேல் தலை வைத்துத்தான் இவள் தூங்குகிறாள்.

செய்தித்தாளைப் பிரித்தாள். உள்ளே ஒரு புல். லேபிளில் பல்லியின் கையெழுத்து.

எண் 412. இடம்: என் இடது கை எட்டும் தூரம்.

வேறொருத்தி அலறியிருப்பாள். இவள் பயப்படுவதற்குக்கூட மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்று நினைக்கிற ரகம். ஒட்டி, மேடத்தின் மேஜையில் வைத்தாள்.

மேடம் அன்று வேறு உலகத்தில் இருந்தார். வெள்ளிக்கிழமை இயக்குநர் பதவிக்கு உத்தரவு வருகிறதாம். அதற்காகத் தலைக்குப் புதுச் சாயம்கூடப் பூசியாயிற்று.

"யாரு வச்சது இதை?"

"தெரியல மேடம். ட்ரேல இருந்துது, ஒட்டினேன்."

"பழைய கட்டுல விட்டுப்போனதா இருக்கும்."

"நானூத்திப் பதினொண்ணுதான் அண்ணனோட கடைசின்னு சொன்னீங்களே?"

"உங்கண்ணனுக்கு எண்ண எங்க தெரியும்!" என்று சிரித்தவர், அட்டையைத் தொட்டதும் சிரிப்பைப் பாதியில் விட்டார்.

புல் ஈரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆறு வந்தன. புதனன்று ஆறு. பாசி, புல், ஒரு விரல் நீளப் பெரணி. எல்லாம் கை எட்டும் தூரத்தில் பறித்தவை. குறிப்புகள்தான் நீண்டுகொண்டே போயின.

414: மேடம் ஆள் கூட்டி வரப் போயிருக்கிறார். பூவைப் பத்திரமாக எடுத்துப் போனார்.

418: இரண்டாம் நாள். பூ கறுப்பதற்குள் தாள் மாற்ற வேண்டும் என்றார். மாற்றியிருப்பார்.

424: மூன்றாம் நாள். பாசியில் தண்ணீர் இருக்கிறது. நக்கினேன்.

வியாழனன்று கடைசிக் கட்டு. உதிர்ந்த விதை, இதழ் போட்டு வைக்க அட்டை மூலையில் ஒரு சின்னக் காகித உறை ஒட்டுவது வழக்கம். 430-க்கு உறை ஒட்டியே வந்திருந்தது. பாறையிலிருந்து சுரண்டிய பாசிப் பொட்டு என்று நினைத்துத் திறந்தாள்.

மூன்று நகங்கள். வேரோடு.

ஐந்தாம் நாள், என்றது லேபிள். இதற்கு மேல் கை எட்டவில்லை.

ஒரு நொடி. ஐந்து நாள். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளி மதியமே கட்டடம் காலி. மூன்று நாள் தொடர்ந்து விடுமுறை. மேடம் மட்டும் கைப்பேசியை ஒட்டு மேஜையில் வைத்துக்கொண்டு உத்தரவுக்காக உட்கார்ந்திருந்தார். அவள் பத்தொன்பது அட்டைகளையும் அவர் முன்னால் பரப்பினாள்.

மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். பூசிய சாயம் தவிர மற்றதெல்லாம் வெளுத்துவிட்டது.

"யாரு எழுதினது இதெல்லாம்? அந்த நோட்டை நானே அடுப்புல..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எந்த நோட்டு மேடம்?"

"ஒண்ணுமில்ல. 411 கையெழுத்தோட ஒத்துப் பார்க்கணும். நீ உன் வேலையப் பாரு."

உள்ளறையில் தண்டவாளத்தில் ஓடும் இரும்பு அலமாரிகள். முனையிலுள்ள சக்கரத்தைச் சுற்றினால் விலகி வழி விடும். 411 சிவப்பு உறைக்குள், வழியின் அந்தக் கோடியில். மேடம் கட்டோடு உள்ளே போனார்.

சக்கரம் திரும்பியது.

இவள் அதைத் தொடவில்லை. சத்தியமே பண்ணலாம்.

நிறுத்தவும் இல்லை.

செடிகளைப் பலகைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கும் வாரைப் போல, ஒவ்வொரு துளையாக, நிதானமாக அலமாரிகள் நெருங்கின. பிறகு காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

"அம்மாடி... இடுப்பு... சக்கரத்தைச் சுத்து..."

இரண்டு அலமாரிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. அவள் வாயை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"வலிக்குதா மேடம்?"

"உயிர் போகுது... ஆளைக் கூட்டிட்டு வாம்மா..."

"கூட்டிட்டு வரேன் மேடம். பசை காஞ்சிடும். இதை ஒட்டிட்டுப் போயிடறேன்."

ஒட்டினாள். பிரஷ்ஷைக் கழுவினாள். கைப்பேசி அடித்தது; உத்தரவாகத்தான் இருக்கும். அதை இழுப்பறையில் போட்டு, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினாள்.

செவ்வாய்க்கிழமை நாலு பேர் சேர்ந்து மேடத்தை எடுத்தார்கள். எடுத்தார்கள் என்பதைவிட, பிரித்தார்கள். தண்டவாளம் பழுது என்று அறிக்கை எழுதினார்கள். துக்க வீட்டில் மேடத்தின் மகள் கதறிக்கொண்டிருந்தாள். இவள் அருகில் போய்த் தோளைத் தொட்டாள்.

"ஒரு நொடிதாம்மா. வலியே தெரிஞ்சிருக்காது."

அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த திங்கள் ஒன்பதரைக்கு வந்தாள், ஜன்னலைத் திறந்தாள், பசையைக் கலக்கினாள். ட்ரேயில் மடித்த செய்தித்தாள். அண்ணன்தான் என்று நினைத்துச் சற்று ஆசையாகவே பிரித்தாள்.

செடி இல்லை. ஒரு கொத்து முடி, புதுச் சாயத்தோடு.

கையெழுத்து பல்லியுடையது இல்லை. சாய்ந்த, உருண்டையான எழுத்து. ஏழு வருஷமாக இவளுடைய விடுப்புக் கடிதங்களில் பார்த்தது.

எண் 1. இடம்: வலது கை எட்டும் தூரம். குறிப்பு: முதல் நாள். ஆள் கூட்டி வரப் போனவள் விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுத்தாள். பசை காய்வதற்குள் ஒட்ட வேண்டும்.

உள்ளறையில், ஒரு துளை அளவுக்கு, சக்கரம் திரும்பியது.