ஒரே பதிவு

கொதிக்கும் மீன்குழம்பு ரெக்ஸ்லினின் கையில் கொட்டியபோது அவர் மனைவி ஸ்டெல்லா பக்கத்தில்தான் நின்றாள். பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தாள்.

மறுநாள் அவர் அவளைத் தூத்துக்குடி மனப்பொறி நிலையத்துக்கு அழைத்துப்போனார். மகள் பிரிஸ்கா கடலில் மூழ்கி இறந்த பிறகு, அழுது ஓய்ந்த ஸ்டெல்லா தன் துக்கத்தைக் குறைத்துக்கொண்டது அங்கேதான்.

நிலையத்தின் பொறியாளர் பர்வீன், ஸ்டெல்லாவின் காதுக்குப் பின்னால் பதித்திருந்த மனப்பொறியில் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தாள்.

"துக்கத்தை மட்டும்தானம்மா குறைக்கச் சொன்னோம்?" என்றார் ரெக்ஸ்லின்.

"முன்னெல்லாம் ஒவ்வொரு உணர்ச்சிக்கும் தனித்தனிக் கோப்பு இருந்துச்சு அண்ணாச்சி. ஒண்ணு கெட்டா அதை மட்டும் மாத்திருவோம். இப்ப எல்லாமே மையப் பதிவகத்துல ஒரே பதிவா இருக்கு. துக்கம் இருக்கிற பதிவைத்தான் பாசமும் பயமும் படிக்குது. ஒண்ணைக் குறைச்சா எல்லாம் குறையும்."

அந்த மாற்றம் வந்தபோது ஊரே வரவேற்றிருந்தது. தூக்கம், பசி, கோபம் எல்லாவற்றுக்கும் ஒரே பொத்தான்.

"பழையபடி ஆக்க முடியாதா?"

"முடியும். ஆனா மொத்தமாத்தான். அந்தத் துக்கமும் அப்படியே திரும்பி வரும்."

"வரட்டும். அழட்டும். என்னை நாலு வார்த்தை திட்டட்டும்."

"அக்காதான் சம்மதிக்கணும்." பர்வீன் ஸ்டெல்லாவின் பக்கம் குனிந்தாள். "அக்கா, பழையபடி ஆகணுமா?"

ஸ்டெல்லா யோசித்தாள். "வேண்டாம்னு இல்ல. வேணும்னும் தோணல."

கருவி மறுத்துவிட்டது. உரியவர் மனதார விரும்பாமல் யார் மனத்திலும் கைவைக்கக் கூடாது; மக்களின் பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம் அது. ஸ்டெல்லாவின் விருப்பமும் குறைத்துவிட்ட அதே பதிவைத்தான் படித்தது.

ரெக்ஸ்லின் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிரிஸ்காவின் பெயரைச் சொன்னால் நிமிர்ந்து பார்க்கக்கூட இனி வீட்டில் ஆள் இல்லை.

"எனக்கும் குறைச்சிரும்மா."

"அண்ணாச்சி, அப்புறம் உங்க ரெண்டு பேருக்காகவும் இங்க வந்து கேக்க யாரு இருக்கா?"

அவர் தலையைச் சாய்த்துத் தன் காதுக்குப் பின்னாலிருந்த மனப்பொறியைக் காட்டினார். பர்வீன் தயங்கித் தயங்கிக் கருவியை வைத்தாள். அவருடைய விருப்பத்தில் ஒரு குறையும் இல்லை. கருவி உடனே அனுமதித்தது.

இருவரும் வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நனைந்தபடியே பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். குடை ரெக்ஸ்லினின் கையில்தான் இருந்தது.