வூட்ல இன்னா கொழம்பு?

கண்ணை மூடியதும் யாரோ அன்பரசனின் இடது கன்னத்தில் இரண்டு விரலால் தட்டினார்கள்.

வலிக்கும்படி அல்ல. தூங்கி வழிகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி, மெதுவாக. அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் மனநல ஆலோசகர் பெர்சிஸ் மேடம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"என்னாச்சு அன்பரசன்? அவசரமே இல்ல. மூச்சை மெதுவா விட்டுட்டு மறுபடி கண்ணை மூடுங்க."

"ஒண்ணும் இல்ல மேடம். கொசு."

தண்டையார்பேட்டையில் கொசு என்று சொன்னால் நம்பாதவர் கிடையாது. பெர்சிஸும் நம்பி, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். கீழே அவருடைய அப்பா சாலமோனின் மளிகை மொத்தக் கடை. அங்கிருந்து காய்ந்த மிளகாய் நெடியும் பெருங்காயமும் சாக்கு வாசனையும் படியேறி வந்து, இந்தச் சின்ன அறையில் தங்கிவிடும். தீயணைப்புக்காரர்கள், நர்சுகள், ஆம்புலன்ஸ்காரர்கள் என்று ஊரார் உயிரைப் பிடித்து வைக்கப் போய்த் தங்கள் தூக்கத்தைத் தொலைத்தவர்கள்தான் அந்தப் படியில் ஏறி வருவார்கள்.

அன்பரசன் ஆம்புலன்ஸில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஆள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை. ஒருநாள் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே, என்ன செய்ய வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டான். வண்டி ஓட்டும் மஜீதுதான் அவனைத் தள்ளிக்கொண்டு இங்கே வந்தான். "இப்டியே போனா நீயே யாரையாச்சும் சாவடிச்சுடுவ மாமு. மொதல்ல தூங்கு. அப்பால வண்டில ஏறு." சொன்னது தோஸ்துதான் என்றாலும் அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவனுக்கு வேண்டியது தூக்கம் ஒன்றுதான்.

ஆனால் கண்ணை மூடு என்றால் அவன் எப்படி மூடுவான்? அவன் பிழைப்பே கண்ணை மூடாதே என்று சொல்கிற பிழைப்பு.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் சைரனுக்கு மதிப்பில்லை. நகராத வண்டியில் உயிரைப் பிடித்து வைக்க அவனிடம் இருந்தது பேச்சு. இரண்டு விரலால் கன்னத்தில் தட்டுவான். பேர், ஊர் கேட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அதனால் அவன் வேறொன்று கேட்பான்: "வூட்ல இன்னா கொழம்பு?" சாகக் கிடக்கிறவன்கூட அதற்குக் கொஞ்சம் யோசிப்பான். புளி கரைச்சாச்சா, என்ன காய் போட்டாங்க என்று கேட்டுக்கொண்டே ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடலாம். பல பேர் அடிபட்டுக் கிடக்கிற இடமென்றால் இன்னொரு வழக்கமும் உண்டு. பதில் சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்லாதவரை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட வேண்டும். அது கல்நெஞ்சம் இல்லை, வேலை.

மழைக்காலம் தொடங்கிய அன்றும் அப்படித்தான் செய்தான். கன்டெய்னர் லாரி இடித்துப் புருஷனும் பெண்டாட்டியும் ரோட்டில் கிடந்தார்கள். புருஷனைத் தட்டினான், கேட்டான், பதில் இல்லை. விட்டுவிட்டு அவளிடம் போனான். சீனியம்மாள் என்று பேர் சொன்னாள்.

"வூட்ல இன்னா கொழம்புக்கா?"

"நெத்திலி... புளி ஊற வச்சிருக்கேன்."

"அப்பால?"

"தூக்கமா வருது தம்பி. கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கிறேன்."

"மூடாதக்கா. பேசிகினே இரு."

லாரிகள் நகரவில்லை. அவள் கெஞ்சினாள். அவன் விடவில்லை, தட்டிக்கொண்டே வந்தான். கடைசியில் கண்ணைத் திறந்தபடியே உயிரை விட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் இமைகளை இறக்கிவிட்டான். திறந்துகொண்டன. மறுபடி இறக்கினான். மறுபடி திறந்தன.

இதையெல்லாம் முதல் நாளே பெர்சிஸிடம் சொல்லியிருந்தான். சொல்லாதது கன்னத்தில் விழுந்த அந்தத் தட்டை மட்டும்தான்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அவர்களுக்கு ஒரே அறை. அவன், நடுவில் மகள் ஷாலு, அந்தப் பக்கம் மனைவி மாயா என்று பாயில் படுப்பார்கள். பெர்சிஸ் சொல்லிக் கொடுத்த மாதிரி மூச்சை இழுத்து விட்டு அவன் கண்ணை மூடுவான். ஃபேன் சத்தம் மெல்ல மெல்ல வண்டிக்குள் ஓடுகிற ஏசியின் சத்தமாக மாறும், பாய்க்குள்ளிருந்து ஸ்பிரிட் வாடை எழும்பும், அதற்கும் அடியில், மூக்குக்கு மிக அருகில், ஊறிய புளியின் வாசனை. அப்புறம் கன்னத்தில் தட்டு.

ஒருநாள் தட்டோடு குரலும் வந்தது.

"தம்பி... வூட்ல இன்னா கொழம்பு?"

அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. பயத்தில் நாக்கு தானாகப் புரண்டது. "கருவாட்டுக் கொழம்பு."

"அப்பால? இன்னா காய் போட்டாங்க?"

கத்திரிக்காய் என்றான். மாங்காய் என்றான். நிறுத்தினால் தட்டு விழுந்தது. மாயா எழுந்து உட்கார்ந்து அவனை உலுக்கினாள். "யாராண்டயா பேசிகினு கீற? புள்ள முழிச்சிக்கும்."

அடுத்த முறை போனபோது ஒன்று விடாமல் பெர்சிஸிடம் கொட்டிவிட்டான். அவர் சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"நீங்க அத்தனை பேருக்கும் செஞ்சதை இப்ப உங்க மனசு உங்களுக்கே செய்யுது அன்பரசன். பதில் சொல்லச் சொல்ல அது ஓயாது. அடுத்த தடவை தட்டினா கண்ணைத் திறக்காதீங்க. பதிலும் சொல்லாதீங்க."

"சொல்லாங்காட்டி?"

"போயிடும்."

எங்கே போகும் என்று கேட்க நினைத்தான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று மண்டைக்குள் இடறியது. ஆனால் தூங்காத மண்டை அது. கேட்காமலேயே படியிறங்கிவிட்டான்.

அன்று சனிக்கிழமை. வெயிலே இல்லாமல் மதியமே இருட்டிக்கொண்டு வந்தது. மணலிப் பக்கமிருந்து வீசிய காற்றில் கேஸ் நாற்றம் இருந்தது. கரண்ட் போயிருந்தது. மாயா துணி துவைத்துக்கொண்டிருந்தாள், ஷாலு பாயில் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அன்பரசன் படுத்தான். கண்ணை மூடினான்.

தட்டு.

பல்லைக் கடித்துக்கொண்டான்.

"தம்பி. வூட்ல இன்னா கொழம்பு?"

புளி வாசனை முகத்தின் மேல் கவிந்தது. தட்டு. கொஞ்சம் பலமாக. அவன் ஷாலுவின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"தம்பி. பேசு."

பேசவில்லை.

தட்டு. தட்டு.

பேசவில்லை.

நின்றுவிட்டது.

புளி வாசனை அவன் முகத்தை விட்டு நகர்ந்தது. எத்தனையோ நாளாக வராத தூக்கம் அப்படியே வந்து அவனை அடித்துப் போட்டது.

விழித்தபோது விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் இன்னும் வரவில்லை. உடம்பு லேசாக இருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தான், அழுகை வந்தது, சந்தோஷமாகவே அழுதான். திங்கள்கிழமை மஜீதோடு வண்டியில் ஏறலாம். அடுப்பங்கரைப் பக்கமிருந்து குழம்பு வாசனை. மாயா புளி கரைக்கிறாள் போல.

"மாயா."

பதில் கீழேயிருந்து வந்தது. "தண்ணி புடிச்சிகினு கீறேன்! இரு, வரேன்!"

அவன் அடுப்பைப் பார்த்தான். அதன் மேல் பாத்திரமே இல்லை.

பக்கத்தில் சின்னக் குரல் ஒன்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"...கத்திரிக்கா போட்டாங்க. அப்பால மாங்கா."

ஷாலு மல்லாந்து கிடந்தாள். கண்கள் விரியத் திறந்திருந்தன. உதடு காய்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகப் பேசுகிறாளோ.

பதில் சொல்லாதவரை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம்.

"ஷாலு! என்னைப் பாரு!"

அவள் திரும்பவில்லை. "தூக்கமா வருது நைனா. கண்ண மூடவே உடமாட்றாங்க."

அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அவன் இருட்டைப் பார்த்துக் கத்தினான். "என்னைக் கேளு! நான் சொல்றேன்! கருவாட்டுக் கொழம்பு! என்னைக் கேளுக்கா!"

யாரும் அவனைக் கேட்கவில்லை.

மகளின் இமைகளை இறக்கினான். திறந்துகொண்டன. மறுபடி இறக்கினான். மறுபடி திறந்தன. அவள் இடது கன்னத்தில் இரண்டு குழிகள் விழுந்தன, இரண்டு விரல் அளவுக்கு. எழும்பின. மறுபடி விழுந்தன.

"புளி..." என்றாள் ஷாலு. "புளி ஊற வச்சிருக்குக்கா."