சிவக்காத பட்டை

துறைமுகச் சேவை அலுவலகத்தில் யாருடைய மணிக்கட்டுப் பட்டையாவது சிவந்தால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுத்து ஒருவர் டீ வாங்கிவந்து சத்தமில்லாமல் மேசையில் வைப்பார். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதுதான் மரியாதை.

அரசாங்கம் வைத்த பெயர் பொறுப்புணர் பட்டை. ஜனங்கள் சுரணை என்று சொன்னார்கள். இணையப் பக்கங்களை அனுப்பித்தரும் வழங்கிக் கணினிக்குள் ஓடும் ஒவ்வொரு குறுநிரலும் அதை எழுதியவரின் மணிக்கட்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. நிரல் இடறினால் பட்டை சிவக்கும். அதிலிருந்து நரம்பில் ஏறும் மின்துடிப்பு, கையும் களவுமாகப் பிடிபட்டவனின் உணர்வை அப்படியே உண்டாக்கும். முகம் எரியும். வழங்கிக்கு இரக்கமும் உண்டு. இடறிய நிரலைச் சற்று நேரத்தில் தானே எடுத்துவிட்டு, கடைசியாக இடறாமல் ஓடிய பழைய நிரலை அதே இடத்தில் வைத்துவிடும். பட்டை குளிர்ந்துவிடும்.

பட்டை வந்தபின் எந்த இணையப் பக்கமும் பாதியில் உறைந்து நிற்பதில்லை. வீட்டுச் சண்டையில்கூட, "என் பட்டை சிவக்கலையே, அப்புறம் என்ன?" என்று கேட்டு வாயை அடைக்கிற காலமாகிவிட்டது. வெட்கப்படுகிற வேலையைக்கூட இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு ஊர் நிம்மதியாக இருந்தது.

ரெமிலாவின் பட்டை வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் ஒருமுறையும் சிவந்ததில்லை. இணையத்தில் அலை நிலவரம் சொல்லும் கடல் பக்கம் அவளுடையது. நடுக்கடலில் கிடக்கும் மிதவை அலையின் உயரத்தைச் சொல்லும். அவளுடைய குறுநிரல் அதை வாங்கி, "போகலாம்" அல்லது "போகாதே" என்று படகுக்காரர்களின் கைபேசிக்கு அனுப்பும்.

அன்று காலை ஜெரோன்ஸ் வந்து அவள் மேசைக்கு முன்னால் நின்றார். போன வாரம் படகு கவிழ்ந்தவர். கூடப்போன அவர் தம்பி கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"தங்கச்சி, உங்க பக்கம் தப்புன்னு புகார் குடுத்திருந்தேன். அத வாபஸ் வாங்க வந்தேன்."

"ஏன் அண்ணே?"

"உங்க பக்கத்துல ஒரு மீட்டர் அலைன்னுதான் இருந்துச்சு. பிழையே இல்லைன்னு சொல்லுதாவ. அப்ப நாந்தான் பயந்துபோயி சின்ன அலையப் பெருசா கண்டிருப்பேன் போல." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அமைதியான கடல்ல கவுத்தவன்னு கரையில சிரிக்கானுவ. இன்னைக்கி விசாரணை. உரிமத்தப் பறிச்சிருவாவ. பறிக்கட்டும். மேல மேல பொய் சொல்லுதான்னு மட்டும் பேரு வரவேண்டாம்."

அவர் போனபின் ரெமிலாவால் உட்கார முடியவில்லை. நிரலைச் சோதனைத் தளத்தில் ஓடவிட்டாள். சரியாக ஓடியது. மிதவையின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடவிட்டாள். அப்போதும் நிரல் கொஞ்சமும் தயங்காமல், "அலை ஒரு மீட்டர். போகலாம்" என்றது. மிதவையே இல்லாத கடலுக்கும் அதனிடம் பதில் இருந்தது.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். நிரலின் கடைசி வரிகளை எழுதியது அவள்தான். மிதவை பேசாவிட்டால் அது கடைசியாகச் சொன்ன எண்ணையே திரும்பக் கொடு, பிழை என்று யாரிடமும் சொல்லாதே. அலுவலகத்தில் இதற்குப் போர்வை என்று பெயர். சேர்ந்த முதல் வாரமே எல்லோரும் கற்றுக்கொடுப்பது இதைத்தான். "போர்வை போத்தியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் வழங்கியில் ஏற்றுவார்கள். பட்டைக்குப் பயந்து நிரலைத் திருத்தியவர்கள் குறைவு, போர்த்தியவர்களே அதிகம்.

உண்மையான மிதவையை அழைத்துப் பார்த்தாள். பதில் இல்லை. படகு கவிழ்ந்ததற்கு முந்தைய நாளே அது செத்துப்போயிருந்தது. செத்தது யாருக்கும் தெரியாததால் யாரும் பழுதுபார்க்கவும் போகவில்லை. ஒரு வாரமாக ஊரே பழைய கடலைப் பார்த்துக்கொண்டு போய்வந்திருக்கிறது.

மேலாளர் மாசிலாமணியிடம் ஓடினாள். அவர் முதலில் அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தார்.

"சிவக்கலையேம்மா."

"போர்வை சார். அதான் சிவக்கல."

"தெரியும். எல்லார்கிட்டயும்தான் இருக்கு. ஒண்ணத் திறந்தா எல்லாத்தையும் திறக்கணும். அப்புறம் இந்த ஊர்ல ஒரு கை குளிர்ச்சியா இருக்காது. பேசாம உக்காரு. மிதவையைப் பாக்க ரெண்டு நாள்ல ஆள் அனுப்பலாம்."

அவள் உட்காரவில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே விசாரணைக் கூடத்துக்குப் போனாள். குற்றவாளி மாதிரி ஓரமாக நின்றிருந்த ஜெரோன்ஸைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"தப்பு என்னோடது" என்றாள் விசாரணை அதிகாரியிடம். "அன்னைக்கி அலை எவ்வளவுன்னு எங்களுக்கே தெரியாது. இவர் கண்டதுதான் உண்மையா இருக்கும்."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் கையைக் கவனித்தார். "பட்டை சிவக்காத பிழையைச் சட்டம் பிழையா ஏத்துக்கிறதில்லை. இரக்கப்பட்டுச் சொல்றீங்க. புரியுது."

ரெமிலா அங்கேயே கணினியைத் திறந்து, போர்வை வரிகளை அழித்துவிட்டு, நிரலை நேரடி வழங்கியில் ஏற்றினாள். நிரல் மிதவையை அழைத்தது. பதில் வரவில்லை. முதல்முறையாக அவளுடைய நிரல் இடறி விழுந்தது.

பட்டை சிவந்தது. இப்படியா சுடும் என்று அவள் நினைத்ததேயில்லை. காது மடல்வரை எரிந்தது. இருந்தாலும் கையை உயர்த்திப் பிடித்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றாள்.

யாரும் பார்க்கவில்லை. கூடம் மொத்தமும் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதிகாரி ஜன்னலைப் பார்த்தபடியே தீர்ப்பைச் சொன்னார். "பிழை நேர்ந்தது இன்றைய தேதியில். எழுதியவர் உரிய நாணம் அடைந்துவிட்டார், அந்த விஷயம் முடிந்தது. விபத்து நடந்த நாளில் பிழை எதுவும் இல்லை. ஜெரோன்ஸின் உரிமம் ரத்து."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவளுக்கு ஜெரோன்ஸ் டீ வாங்கிவந்தார். அதை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை. உரிமம் போனவர் உரிமத்தைப் பறித்தவளுக்கு டீ வாங்கித்தருகிறார். எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

"குடி தங்கச்சி. பட்டைதான் சுட்டாச்சே, இனி நான் என்ன கேக்க?" என்றவர், தயங்கித் தயங்கி, அவள் முகத்தை நேராகப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கி அலை நெசமாவே பெருசா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும் அண்ணே. நீங்க கண்டது சரி. நான்தான் மறைச்சேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு கடல் பக்கம் திரும்பி, "அப்படின்னா அங்க பாரு" என்றார்.

அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டி நுரை இந்தப் பக்கம் விழுந்துகொண்டிருந்தது. துறையில் ஒரு படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ரெமிலா கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அலை ஒரு மீட்டர். போகலாம். வழங்கி தன் இரக்கத்தைக் காட்டிவிட்டிருந்தது. இடறிய நிரலை எடுத்துவிட்டு, கடைசியாக இடறாமல் ஓடியதை, போர்வையோடு, திரும்ப வைத்திருந்தது.

இருவரும் துறைக்கு ஓடினார்கள். "போகாதீங்க, பக்கம் தப்பு" என்று அவள் கத்தினாள். "அலை பெருசு வே, நம்புங்க" என்றார் ஜெரோன்ஸ். அமைதியான கடலில் கவிழ்த்தவர் சொன்னதைக் கேட்டு இரண்டுபேர் சிரித்தார்கள்.

படகுக்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "கடல் பக்கத்த எழுதுனது நீதானம்மா? எங்க, கையக் காட்டு."

அவள் காட்டினாள். முகம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"குளிர்ந்துதான இருக்கு" என்று சொல்லிவிட்டு, படகைத் தள்ளச் சொன்னார்.