சம்பங்கிக்கு பாசிட்டிவ்!

"ஐயோ...! கொலை...!"

2007, மே மாதம். ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், மதிய ஷிப்ட்டுக்குப் போன பெண்கள் அலறினார்கள்.

முள்வேலி ஓரம் பிரதாப். பம்ப் கம்பெனி சூப்பர்வைசர். கழுத்தில் வெட்டு. சாய்ந்து கிடந்த பைக். பக்கத்தில் ஒரு சின்ன ஐஸ் பெட்டி... கீறல்கூட இல்லாமல்!

ஜீப்பிலிருந்து முதலில் தொப்பை இறங்கியது. பிறகு தொப்பி. கடைசியாக இன்ஸ்பெக்டர் நல்லுசாமி.

ஏட்டு நஞ்சம்மா பெட்டியைத் திறந்தாள். ஐஸுக்கு நடுவே ஒரு குட்டி மருந்து சீசா.

"போதை ஊசி!" நிருபர்களுக்குக் கேட்கும்படி கர்ஜித்தார் நல்லுசாமி. "பெங்களூர் கும்பல்! ஐஸைக் கொட்டிட்டு சீசாவுக்கு அரக்கு வைம்மா!"

"ஐஸ்ல வெச்சு கொண்டாந்திருக்காருங்கய்யா... நம்ம ஸ்டேஷன் ஃப்ரிட்ஜ்லயாவது வெக்கலாங்களா?"

"அப்ப என் மாம்பழத்தை எங்க வெக்கிறது? அலமாரில வை!"

தகரக் கூரை. மே வெயில்.

சாயங்காலம் ராயக்கோட்டை ரயிலடியில் ரத்தச் சட்டையோடு மாதேஷ் பிடிபட்டான். லாரி டிரைவர். பிரதாப்பிடம் வேலை பார்க்கும் சம்பங்கியின் புருஷன்.

"எந்த கேங்க்டா நீ?"

"கேங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்... எம் பொண்டாட்டியாலதான் வெட்டினேன்."

"சொல்லு!"

"அவளுக்கு மார்ல புத்துக் கட்டி. நான் லோடு மேல போயிருவேன். பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு இந்தாளுதான் கூட்டிட்டுப் போவாரு. தெய்வம்னு நெனச்சேன். போன வாரம் வீட்டுக்குள்ள நுழையறேன்... போன்ல அவருகிட்ட சிரிக்கிறா சார்! 'பாசிட்டிவ்வாம் சார், பாசிட்டிவ்வாம்'னு!"

"அதுக்கு?"

"லாரி ஸ்டாண்ட் முகாம்ல சொல்லிக் குடுத்தாங்களே... பாசிட்டிவ்னா எய்ட்ஸுன்னு! ஓடிப்போயி நானும் ரத்தம் குடுத்தேன். எனக்கு நெகட்டிவ். அப்ப அவளுக்குக் குடுத்தது யாரு?"

"அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா?" என்றாள் நஞ்சம்மா.

"வாய் வரலீங்க்கா..."

"வெட்டறதுக்குக் கை மட்டும் வந்துச்சா?"

குரல் ஸ்டேஷன் வாசலிலிருந்து வந்தது. சம்பங்கி! முடி கொட்டிய தலையில் முக்காடு.

"எங் கட்டி என்ன ஜாதின்னு பாத்த டெஸ்ட்டுய்யா அது. அஞ்சு பேர்ல ஒருத்திக்குத்தான் பாசிட்டிவ் வருமாம். வந்தாத்தான் புது ஊசி கேக்குமாம். வழி இருக்குதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதான் சிரிச்சேன்..."

மாதேஷ் சுவரில் தலையை மோதிக்கொண்டான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"சார்... பிரதாப் சார் மருந்துக் கம்பெனிக்காரங்க கால்ல விழுந்து வாங்கியாந்த மொத ஊசி. இன்னிக்கிப் போடணும். அந்த ஐஸ் பெட்டி எங்க சார்?"

நல்லுசாமி அலமாரியைப் பார்த்தார்.

நஞ்சம்மா அலமாரியிலிருந்து சீசாவை எடுத்தாள். அரக்கு இளகி விரலில் ஒட்டியது. சீசா... டீ கிளாஸ் மாதிரி சுட்டது.

"கெட்டுப் போச்சாக்கா?"

நஞ்சம்மா சீசாவைச் சம்பங்கியின் கையில் வைத்தாள்.

"இன்னொண்ணு கேட்டு வாங்கலாம்ல? பிரதாப் சார்கிட்ட சொன்னா..." பாதியில் நிறுத்தினாள். முக்காட்டு நுனியை வாயில் திணித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இது... இது ஜில்லுனு இருக்கணும்னு யாருய்யா கண்டா?" நல்லுசாமி வியர்வையைத் துடைத்தார்.

நஞ்சம்மா ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"கவலப்படாதீங்கய்யா... மாம்பழம் நல்லா ஜில்லுனு இருக்குது. அதுக்கும் அரக்கு வெச்சிடலாங்களா?"